பத்திரிகை வைத்த வீடுகள்

காலால் நடப்பதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று என் அறுபது வயதில் நான் கேள்விப்பட்டதில்லை. பம்பாயில் வாங்குகிறார்கள். அங்கே இருக்கும் என் மகள் தென்றல், அவளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த எனக்கும் அவள் பெரியம்மாவுக்கும் சேர்த்துப் போனிலேயே பதிவு செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் மாகிம் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும் என்றாள். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் குடியேறிய தெருக்களை ஒரு பெண் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவாளாம். அரியலூரில் எவனாவது என்னைத் தெருத் தெருவாக நடக்கவிட்டு அதற்குக் காசும் கேட்டிருந்தால் அவன் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

"எந்தத் தெருவெல்லாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"தாராவிப்பா. நம்ம தமிழ் ஆளுங்க ஏரியாவும் உண்டு. பெரியம்மாவுக்குப் புடிக்கும்."

தட்டில் இருந்த சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

தாராவியில் எனக்கு ஒரு முகவரி தெரியும். பத்தொன்பது வருடமாகத் தெரியும். பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம், இட்லிக்காரர்கள் சந்து, மூன்றாவது கதவு. எனக்கு அது தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. முக்கியமாக ஒருத்திக்குத் தெரியக்கூடாது. அவள் ராசாத்தி, என் அண்ணன் குருநாதனின் மனைவி. என் மகளை வளர்த்தவள். அவளோ தென்றல் வாங்கித் தந்த புதுச் செருப்பைக் கூடத்திலேயே போட்டுப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் என்று சொல்லிப் பார்த்தேன். முட்டி வலி என்றேன். "அப்ப நீ வூட்டுல இருப்பா. நானும் பெரியம்மாவும் போயிட்டு வரோம்" என்றாள் தென்றல். அது இன்னும் வம்பு. நான் கூட இருந்தாலாவது அந்தச் சந்து வரும்போது எதையாவது சொல்லித் திருப்பிவிடலாம். அதனால் கிளம்பினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் இடையில் எனக்கு நானே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துக்கொள்வேன், அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

எங்களுக்கு ஊரில் நாலு ஏக்கர் கொல்லை. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்காக அக்கம்பக்கத்துக் கொல்லையெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த நேரம். நான் கொடுத்துவிடலாம் என்றேன். அண்ணன், "பள்ளம் தோண்டிட்டுப் போயிடுவான், அப்பறம் எதுல கடலை போடுவ?" என்று மறுத்தார். ஒரு நாள் டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்கப் பேச்சு முற்றி, நான் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். ஆறு வயது மூத்தவர். அப்பா செத்த பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப்போனவர். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கீழ போடுடா" என்றார். நான் போடவில்லை. அடிக்கவும் இல்லை, கையில் பிடித்தபடியே நின்றேன். மறுநாள் காலையில் அண்ணன் ஊரில் இல்லை.

எட்டு வருடம் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் எனக்குத் தென்றல் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது என் மனைவி ஜானகி காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணிக்குக் குழந்தை கிடையாது. தென்றலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் அப்புறம் இறக்கவே இல்லை.

நிலத்தரகர் வேல்முருகன் மறுபடி வந்தார். அண்ணன் கையெழுத்து இல்லாமல் கொல்லை நகராது. "எட்டு வருசமா ஆளையே காணோம். சொந்தபந்தமெல்லாம் கூடிக் கருமாதி செஞ்சிட்டீங்கன்னா அப்பறம் எவன் கேக்கப்போறான்? மத்த காகிதமெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அண்ணன் எங்கோ செத்துத்தான் போயிருப்பார் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நான் யோக்கியன்.

அண்ணி ஒப்பவில்லை. "அவுரு இருக்காரு தம்பி. எனக்குத் தெரியும்" என்றாள். பாவம், பித்துப்பிடித்துவிட்டது என்று உறவுக்காரப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணனுக்கென்று தனியாக ஒரு படம் இல்லாததால் கல்யாணப் படத்தில் அண்ணியை வெட்டிவிட்டு அவரை மட்டும் கருமாதிப் பத்திரிகையில் அச்சடித்தோம். இடது புருவத்தில் மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. திருமானூரிலிருந்து பூலாம்பாடி வரைக்கும் நூற்று அறுபது வீடு. எல்லா வீட்டுக்கும் நானே வண்டியில் போய்ப் பத்திரிகை வைத்தேன்.

வைத்து முடித்து வீடு திரும்பிய அன்றைக்குத்தான் இன்லண்ட் லெட்டர் வந்தது. கருமாதிக்கு இன்னும் ஐந்து நாள்.

"தம்பி ராஜவேலுக்கு. நான் பம்பாய் தாராவியில் இருக்கிறேன். இட்லி போட்டு விற்கிறேன். உன் மேல் கோபம் இல்லை. நாலு பேர் முன்னால் பட்ட அவமானத்தில் கிளம்பிவிட்டேன், அப்புறம் திரும்பி வர வெட்கமாகிவிட்டது. கொல்லையை நீ நினைத்தபடி செய்துகொள், கையெழுத்துப் போடுகிறேன். ராசாத்தியை மட்டும் அனுப்பி வை. இல்லை, வா என்று ஒரு வரி எழுது, நானே வருகிறேன். பதில் வராவிட்டால் அவளுக்கு என்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்வேன். தொந்தரவு செய்யமாட்டேன்." கீழே முகவரி.

மாட்டுக் கொட்டகையில் நின்று மூன்று தரம் படித்தேன். கையெழுத்தே போடுகிறேன் என்கிறார். கருமாதிக்குத் தேவையே இல்லை. ஆனால் பத்திரிகை வைத்தாகிவிட்டது. நூற்று அறுபது வீட்டுக்கும் திரும்பப் போய், செத்தவர் இட்லி விற்கிறார் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர் வந்தால் செருப்புக் கதை மறுபடி கிளம்பும். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். அண்ணி தென்றலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவள் பம்பாய்க்குப் போய்விட்டால் என் பிள்ளையை யார் பார்ப்பார்கள், எனக்கு யார் பொங்கிப்போடுவார்கள் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. அதை இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

உடம்பு கிடைக்காத சாவுக்கு வைக்கோலில் ஆள் கட்டி எரிப்பார்கள். திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் அந்த வைக்கோல் ஆளைக் கட்டியவன் நான். நெஞ்சுப் பக்கத்துப் புரிக்குள் கடிதத்தைச் செருகினேன். அண்ணன் தன் கையால் எழுதியதை அண்ணனோடு சேர்த்து எரித்தேன். பிறகு அண்ணியை ஆற்றங்கரையில் உட்கார வைத்து, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு, பூவைப் பிய்த்தெடுத்தார்கள், தாலியை வாங்கினார்கள். திருமானூர்க் குஞ்சம்மாள் அத்தைதான் வளையலை உடைத்தாள். நான் நாலடி தள்ளிக் கோடித்துணித் தட்டை ஏந்தி நின்றேன். அண்ணி அழவில்லை. "இருக்காரு, இருக்காரு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பதினெட்டு ஆடி அமாவாசை. ஒவ்வொன்றுக்கும் அதே கரையில் உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். இறைக்காமல் இருந்தால் ஊர் கேட்கும். அண்ணி படையல் சோற்றை மாடியில் வைத்து, காக்காய் வந்து எடுத்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பாள். ஒரு வருடம் மதியம் மூன்று மணி வரைக்கும் காக்காய் வரவில்லை. வெயிலில் நின்று "கா கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் கீழே கூடத்தில் விசிறியைப் போட்டுப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அண்ணியோடுதான் மாகிம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்கினேன்.

நடத்திக் கூட்டிப்போன பெண்ணின் பெயர் சிந்து. இருபத்துநாலு வயது இருக்கும். தாராவியிலேயே பிறந்தவளாம், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த குடும்பமாம். கூட்டத்தில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர். மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அண்ணி பக்கம் திரும்பித் தமிழில் சொல்வாள். அண்ணி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வீடு, ஆறு, கோயில், கல்யாண வீட்டின் சமையல்கட்டு. இவை நாலைத் தவிர அவள் பார்த்தது கிடையாது.

முதலில் குயவர்கள் இருக்கும் பகுதி. குஜராத்திலிருந்து சக்கரத்தோடு வந்தவர்கள் என்றாள் சிந்து. சந்தெல்லாம் மண் சட்டி, அகல் விளக்கு, சூளைப் புகை. ஒரு வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த மண்ணை அண்ணி குனிந்து கிள்ளிப் பார்த்தாள். "நம்ம கொல்லை மண்ணு மாதிரி இல்ல தம்பி. இது வழுவழுன்னு இருக்கு" என்றாள். எங்கள் கொல்லை இப்போது அறுபதடிப் பள்ளம். அதன் மண் எப்படி இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை.

அங்கிருந்து தையல்காரர்கள் தெரு, தோல்கடைகள் இருக்கும் சாலை. ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஊர் இருந்தது. இந்தச் சந்து முழுக்க ஒரே மாவட்டம், அந்த மாடி முழுக்க ஒரே கிராமம் என்று சிந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "முதல்ல ஒரு ஆளு வருவாரு. எடம் புடிச்சதும் ஊருக்கு லெட்டர் போடுவாரு. அதப் பாத்து மத்தவங்க வருவாங்க. இந்தத் தெரு எல்லாமே லெட்டராலதான் உண்டாச்சு" என்றாள்.

"லெட்டர் வராதவங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"பதில் வராதவங்களும் இருக்காங்க ஆண்ட்டி. அவங்க தனியா இருப்பாங்க."

நான் இருமினேன். எனக்கு இருமல் இல்லை.

தமிழ்ப் பக்கம் வந்ததும் அண்ணியின் நடை மாறிவிட்டது. கோலம், முருங்கைக்கீரைக் கட்டு, ரேடியோவில் பக்திப் பாட்டு. "அரியலூர் டவுனுக்கு வந்த மாதிரி இருக்குடி" என்று தென்றலின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார் கோயில் வந்தது. செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போனோம். வாசலில் பூ விற்ற பெண் அண்ணியிடம் இரண்டு முழம் மல்லியை நீட்டி, "வெச்சுக்கோங்கக்கா" என்றாள். அண்ணி பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஆவாதும்மா" என்று வாங்கித் தென்றலின் தலையில் வைத்தாள். இருநூறு அடி தூரத்தில், அந்தக் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம், அவள் புருஷன் இருக்கிறார். நான் மட்டும் வாயைத் திறந்தால் அந்தப் பூ அவள் தலையில் இருக்கும். நான் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டேன்.

"அடுத்தது பின்னாடி சந்து" என்றாள் சிந்து. "டவுன் முழுக்கக் காலைல சைக்கிள்ல போற இட்லியெல்லாம் அங்கதான் வேவுது. நமக்கும் டிபன் அங்கதான். இட்லிக்காரத் தாத்தா ஒருத்தரு தன் கதையெல்லாம் சொல்லுவாரு, நல்லாருக்கும்."

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டபத் தூணில் சாய்ந்தேன். "ஒரு மாதிரியா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. அண்ணி, நீங்க என்கூட இருங்க" என்றேன். அண்ணி உடனே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் எனக்கு விசிறினாள். "காலைல எதும் சாப்பிடல, அதான்" என்றாள். தென்றலையும் சிந்துவையும், "ஒண்ணும் இல்ல, நான் பாத்துக்கறேன், போங்க" என்று அனுப்பி வைத்தாள். பொய் நெஞ்சுவலிக்கு அவள் விசிறிய அந்தக் காற்றைப் போல ஒரு தண்டனை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்றுதான் அப்போது மனசு குதித்தது. அரைமணி நேரம் போனால் கூட்டம் திரும்பிவிடும், அப்புறம் ரயில், அப்புறம் ஊர்.

கால்மணி நேரத்தில் தென்றல் ஓடிவந்தாள். ஒரு கையில் இட்லிப் பொட்டலம், ஒரு கையில் போன்.

"பெரியம்மா, இங்க பாரேன்! அந்த இட்லித் தாத்தா நம்ம ஊர்ப் பக்கம்தானாம். நம்மள மாதிரியேதான் பேசறாரு. நம்ம வூட்டு போட்டோவுல பெரியப்பாவுக்குப் புருவத்துல வெட்டு இருக்குமில்ல? அதே மாதிரி, அதே எடத்துல. அதான் ஒரு போட்டோ எடுத்தேன்."

பிள்ளைக்கு அது ஒரு வேடிக்கை. மாலை போட்ட படத்தையே பார்த்து வளர்ந்தவள், படத்திலிருப்பவர் எழுந்து வந்து இட்லி விற்பார் என்று நினைப்பாளா?

அண்ணி போனைக் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் தள்ளிப் பிடித்தாள். அவள் முகத்தில் அழுகையோ அதிர்ச்சியோ எதுவும் வரவில்லை.

"எங்க?" என்றாள்.

"எதும்மா?"

"இவுரு எங்க?"

தென்றல் கையைக் காட்டினாள். அண்ணி எழுந்து நடந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. வெறுங்காலோடு போகிறாளே என்று தென்றல் பின்னாலேயே ஓடினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடிப்போகலாம் என்றுகூடத் தோன்றியது, ஆனால் அந்த ஊரில் எனக்கு ஸ்டேஷனுக்கு வழி தெரியாது. கோயில் வாசலில் என் செருப்பை மாட்டிக்கொண்டேன், அண்ணியின் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன், பின்னால் போனேன்.

ஆவி பறக்கிற சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மூன்றாவது கதவுக்கு முன்னால் சிந்துவின் கூட்டம் தொன்னையில் இட்லி தின்றுகொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்தார். தலை முழுக்க வெள்ளை, பல் பாதி இல்லை. தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

கரண்டி அந்தரத்தில் நின்றது. மாவு சொட்டிக்கொண்டே இருந்தது.

"ராசாத்தியா?"

"ஏன் ஒரு லெட்டர் போடல?" என்றாள் அண்ணி. அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அவள் கேட்டது அதுதான்.

"போட்டேனே" என்றார் அண்ணன். "பதில் வரலன்னா உனக்கு என்மேல வெறுப்புன்னு எடுத்துக்கறேன்னு எழுதியிருந்தேன். ரெண்டு வருசம் தெனமும் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு இங்கயே உக்காந்திருந்தேன். வரல. உன்னத் தப்புச் சொல்லல, நான் பண்ணுனதுக்கு நீ வெறுத்தது ஞாயந்தான்னு விட்டுட்டேன். தம்பி மேலயும் தப்பு இல்ல, அவன் படிச்சுக் காட்டியிருப்பான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணி திரும்பினாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள்.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

அந்த நொடியில்கூட ஒரு பொய் என் நாக்கு வரைக்கும் வந்தது. தபால் தவறியிருக்கும் என்று சொல்லலாம், கடிதம் சாம்பலாகிவிட்டது, சாட்சி இல்லை. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கருமாதிக்கு அஞ்சு நாளு முன்னாடி அண்ணி."

"கருமாதியா? யாருக்கு?" என்றார் அண்ணன்.

நான்தான் சொல்ல வேண்டும். "உனக்குத்தாண்ணே."

அண்ணன் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். கரண்டியை மாவுக்குள் விட்டுவிட்டார்.

"வளையல ஒடைக்கறப்ப நீ நாலடி தள்ளி நின்ன" என்றாள் அண்ணி. பெண் எடுத்து வந்த நாளிலிருந்து என்னை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "தட்ட ஏந்திக்கிட்டு நின்ன. நான் இருக்காரு இருக்காருன்னு சொன்னது உன் காதுல வுழுந்துச்சு. வுழுந்துச்சா இல்லியா?"

"வுழுந்துச்சு அண்ணி."

தென்றல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண், கணக்கைப் போட்டுவிட்டாள். "அப்ப எனக்கு ஆறு வயசு" என்றாள் மெதுவாக. "என்ன வளக்கறதுக்கு ஆள் வேணும்னாப்பா?"

இதற்கு நான் ஆமாம் என்றால் அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்கு கொடுத்ததாகும். இல்லை என்றால் பொய். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் பக்கத்திலிருந்து நகர்ந்து பெரியம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்போதுதான் அண்ணன் என் கையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி கோணியது.

"அந்தச் செருப்ப இன்னும் கீழ போடலியாடா ராஜவேலு?"

குனிந்து பார்த்தேன். அண்ணியின் செருப்பை நான் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே செருப்பை அண்ணியின் காலடியில் வைத்தேன். நான் அழுதேன். என் அழுகையை அங்கே யாரும் லட்சியம் செய்யவில்லை, செய்யவும் கூடாது. சிந்து கூட்டத்தை மெதுவாகச் சந்துக்கு வெளியே நகர்த்திக்கொண்டு போனாள்.

அண்ணி செருப்பை மாட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெந்த தட்டைத் துணி பிடித்து இறக்கினாள். அண்ணன் தொட வந்தபோது கையால் தடுத்தாள். "உங்களுக்கும் இருக்கு. கோவம் வந்தா பொண்டாட்டிகிட்ட சொல்லாம ஓடுற ஆளு நீங்க. அது அப்பறம்" என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"பத்திரிக வெச்சியே, எத்தன வூடு?"

"நூத்தி அறுவது."

"அத்தன வூட்டுக்கும் போ. வண்டி வேணாம், நடந்து போ. அவுரு இருக்காருன்னு சொல்லு. எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்னும் சொல்லு. ஒரு வூடு வுடக்கூடாது. அதுக்கப்பறம் நான் ஊருக்கு வரதா வேணாமான்னு பாக்கறேன்."

நான் தனியாக ரயிலேறினேன். வழியனுப்பத் தென்றல் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் முதலில் கூடத்துப் படத்தைக் கழற்றினேன். பழைய பத்திரிகைக்காக எழுதிய பெயர்ப்பட்டியல் டிரங்குப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. பதினோரு பேர் செத்துப்போயிருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டியலில் முதல் பெயர் திருமானூர்க் குஞ்சம்மாள் அத்தை. அந்தப் பெயரை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நாலாவது நாள் விடிந்ததும் நடந்தேன்.

அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். நான் வேர்த்து நனைந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வண்டி என்னடா ஆச்சு? இந்த வெயில்ல நடந்தா வர்ற? என்ன விசேசம்?"

"எங்கண்ணன் உசுரோட இருக்காரு அத்த. பம்பாயில பாத்தேன். அண்ணி அங்கதான் இருக்கு."

"அட என் சாமி!" அத்தை கும்பிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "அந்தப் புள்ள சொல்லிக்கிட்டே இருந்துச்சே! எப்படா தெரிஞ்சுச்சு உனக்கு?"

போன மாதம் என்று சொன்னால் போதும். சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம். அத்தை ஊரெல்லாம் என்னைப் புகழ்வாள்.

"கருமாதிக்கு அஞ்சு நாளு முன்னாடி."

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னைத் திட்டவில்லை. சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதாண்டா ஒடச்சேன்" என்றாள்.

நீட்டிய சொம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் நின்று பார்த்தேன், வரவில்லை. பட்டியலை எடுத்து இரண்டாவது வீட்டுக்கு நடந்தேன்.